பட்டி கட்டினாயா?

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். மூன்று நாளாகப் போன் எடுத்தால் பதிவுசெய்த உன் குரல்தான் வருகிறது. மான் வேட்டைக்குப் போன காட்டுக்குள் சிக்னல் இல்லையாக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால்தான் கடிதம். எத்தனை பனிக்காலம் உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன், நீ வாசிப்பாய்.

வியாழக்கிழமை நீ அனுப்பிய படம் கிடைத்தது. ஒரு சொல்லும் எழுதாமல் படம் மட்டும். மரத்தின் மேலே இருந்து எடுத்திருக்கிறாய். உன் சப்பாத்து இரண்டும் தெரிகின்றன, இடது சப்பாத்தின் கயிறு அவிழ்ந்து தொங்குகிறது. அதற்குக் கீழே 15 அடியாவது இருக்கும். உறைபனி படிந்த புல், அதில் விழுந்து கிடக்கும் மஞ்சள் ஆப்பிள்கள். "என்ன வடிவு" என்றாள் அம்மா. நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பாதுகாப்புப் பட்டியைத் தேடினேன். உன்னை மரத்தோடு கட்டி வைக்கும் பட்டி அதில் எங்கேயும் இல்லை. வாங்கினாய் என்று தெரியும், விலைகூடச் சொன்னாய். வாங்கியதைக் கட்டுகிறாயா?

படத்தைப் பார்த்ததுமே அது எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருடம் நீ என்னைக் கூட்டிப் போய்க் காட்டிய, ஆட்கள் விட்டுப்போன பழைய பண்ணை. வீடு இடிந்து கல் அத்திவாரம் மட்டும் மிச்சம், ஆப்பிள் மரங்கள் மட்டும் யாருக்கோ காய்த்துக்கொண்டிருந்தன. அப்படியென்றால் மேட்டில் இருக்கும் சிவப்பு ஓக் இந்த வருடம் காய்க்கவில்லை, சரிதானே? அன்றைக்கு நீ ஒரு ஓக் காயைக் கத்தியால் பிளந்து பருப்பைக் கடிக்கத் தந்தாய். கடுக்காயைக் கடித்ததுபோல நாக்கு இழுத்துக்கொண்டது. சிவப்பு ஓக் இந்த வசந்தத்தில் பூத்தால் அடுத்த வருட இலையுதிர் காலத்தில்தான் காய் முற்றும், அதனால் ஒரு வசந்தத்தில் பூவைக் கருக்கிய பனி மறு வருடம்தான் கணக்குக் கேட்கும் என்று சொன்னாய். வெள்ளை ஓக் ஒரே வருடத்தில் காய்த்துவிடும், துவர்ப்புக் குறைவு, மான் முதலில் அதைத்தான் தேடும், விழுந்த கையோடு முளையும் விட்டுவிடும். சிவப்பு ஓக் காயோ முளைக்காமல் பனிக்கடியில் கிடக்கும், மான் குளம்பால் கிளறி எடுத்துத் தின்னும் என்றாய். நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன். எட்டு வயதில் விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, ஒன்ராறியோக் காட்டை எனக்கு வாசித்துக் காட்டுகிறான். அந்தப் பெருமையை அன்றைக்கு நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஓக் காய் இல்லாத வருடம் ஆப்பிளுக்குப் போனது சரியான கணக்கு. பெண் மான் சாப்பாட்டை விட்டுத் தூரம் போகாது. நவம்பர் நடுவில், இணைசேரும் காலத்தில், கிடாய்க்குப் பசி மறந்துவிடும், அது பெண்ணின் பின்னால்தான் வரும். ஆக, பெண் எங்கே மேய்கிறதோ அங்கே காத்திருக்க வேண்டும். இது நீயே சொன்னதுதான். மான் அவசரமாக விழுங்கிவிட்டு மறைவில் போய்ப் படுத்துத்தான் அசைபோடும் என்பதையும் மறக்காதே. அது படுக்கும் இடத்துக்கும் ஆப்பிளுக்கும் நடுவில் உன் மணம் போகக்கூடாது. பின்னேரம் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். பண்ணை பள்ளத்தில் இருக்கிறது, மேட்டுப் பக்கம் இருக்காதே.

பார், மானைப் பற்றி எழுதத் தொடங்கினால் எங்கேயோ போய்விடுகிறேன். நான் சொல்ல வந்தது பட்டி. மேலே போய் உட்கார்ந்த பிறகு கட்டினால் போதும் என்று நினைக்காதே. ஏணியில் ஏறும்போதும், ஏணியை விட்டு இருக்கைக்குக் கால் மாற்றும்போதும், இறங்கும்போதும்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். நிலத்தில் நிற்கும்போதே கட்டு, திரும்ப நிலத்தில் கால் வைத்த பிறகு கழற்று. துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறாதே. தோட்டாவை எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டி மேலே இழு. செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் போடு. அந்த நிறம் மானுக்குத்தான் தெரியாது, மற்ற வேட்டைக்காரனுக்குத் தெரியும்.

இங்கே புதினம் என்றால், வீட்டுச் சூடாக்கி போன கிழமை நின்றுபோய்ப் புதியது போட்டோம். தங்கச்சி வந்து இரண்டு நாள் நின்றாள். தீபாவளிக்கு உனக்கென்று எடுத்து வைத்த பலகாரத்தை அம்மா இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அவளுடைய கந்தசஷ்டி விரதமும் முடிந்துவிட்டது, இனி நீ இறைச்சி கொண்டுவந்தால் சமைப்பாள். போன வருடம் நீ கொண்டுவந்த தொடையில் மிளகு கூட்டிச் செய்த பிரட்டலைப் பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். பேரனுக்குக் குளிர் ஜாக்கெட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், நீல நிறம், ஒரு அளவு பெரிதாக. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன். மருமகளும் எங்கள் பிள்ளைதான், அதை நாங்கள் மறக்கவில்லை.

முன்பெல்லாம் நீங்கள் மூன்று பேர் சேர்ந்து போவீர்கள். இந்த வருடம் ஏன் தனியே போகிறாய்? நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் மாற்றிவிட்டார்கள், ஐந்து மணிக்கே சூரியன் போய்விடுகிறது. எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவாய் என்று ஒருவருக்காவது தெரிய வேண்டாமா? பெற்றவர்களுக்கு ஒரு வரி அனுப்ப உனக்கு என்ன கஷ்டம்? வளர்ந்த பிள்ளையை இப்படிக் கேட்கக்கூடாது என்பது தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அன்றைக்கு நீயாக அந்தப் படத்தை அனுப்பினாய் அல்லவா? நாங்கள் பார்க்க வேண்டும் என்றுதானே அனுப்பினாய்?

சித்தப்பாவின் காலைப் பற்றிச் சின்ன வயதில் நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். பாலைப்பழம் பறிக்க ஏறி விழுந்தவர் என்று சொல்லி வைத்தேன். அம்மாவுக்கும் அதுதான் தெரியும்.

அது 1979, ஆடி மாதம். எனக்குப் 19 வயது, அவனுக்குப் 16. வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அங்கால், முத்தையன்கட்டுக் காட்டில் ஒரு பெரிய பாலை மரம். பழக்காலத்தில் பகல் முழுக்க மந்திகள் மேலே இருந்து தின்றுகொண்டே பாதியைக் கீழே கொட்டும். அதைப் பொறுக்கப் புள்ளிமான் வரும், இருட்டினால் கரடியும் வரும். உன் ஆப்பிள் மரத்தடியும் அந்தப் பாலையடியும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. எதிர் மரத்தில் நான்கு தடி வைத்துப் பரண் கட்டியிருந்தோம். எங்களிடம் அனுமதி ஒன்றும் இல்லை, துவக்கும் இரவல் துவக்கு. கயிறும் ஒன்றுதான் இருந்தது. அதில் துவக்கையும் தண்ணீர்ப் போத்தலையும் மேலே இழுத்தேன். "அண்ணா, எனக்கு நித்திரை வரும், கயிற்றால் என்னைக் கட்டிவிடு" என்றான். "நீ என்ன குழந்தையா" என்று கேட்டேன்.

நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு பெண் மான் வந்தது. சுட்டேன். அவன் தூங்கிப்போயிருந்திருக்கிறான், சத்தத்தில் திடுக்கிட்டுக் கீழே விழுந்துவிட்டான். மானும் அடிபட்டுப் பற்றைக்குள் பாய்ந்துவிட்டது. நான் குதித்து இறங்கினேன். டோர்ச் வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன். "அண்ணா, கால்" என்றான். "இரு, வாறன்" என்று சொல்லிவிட்டு மானின் பின்னால் போனேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போனேன். முதலில் அவன் கூப்பிடுவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டான் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் போனேன். மானைக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டுதான் திரும்பி வந்தேன். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டையிலும் தலைமயிரிலும் நசிந்த பாலைப்பழம் ஒட்டியிருந்தது. "கரடி வந்தது அண்ணா, அதுதான் சத்தம் போடவில்லை" என்றான். தொடை எலும்பு முறிந்திருந்தது. விடிந்து, மாட்டு வண்டில் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மத்தியானம் ஆகிவிட்டது. எலும்பு கோணலாகத்தான் பொருந்தியது. வீட்டில், பழம் பறிக்க ஏறினேன் என்று முதலில் சொன்னது அவன்தான், என்னைக் காப்பாற்றுவதற்காக. நான் அதைத் திருத்தவே இல்லை. அந்த இறைச்சியை எல்லோரோடும் இருந்து நானும் சாப்பிட்டேன்.

மாதம் தவறாமல் அவனுக்குக் காசு அனுப்புவதைப் பற்றி அம்மா குறைப்படும்போது நீ எனக்காகக் கதைப்பாய், "அப்பாவுக்குத் தம்பியில் பாசம்" என்று. அப்பன், அந்தச் சொல்லைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தலை நிமிராது.

இதை எழுத வேண்டும் என்று நினைத்துத் தொடங்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன் ஓய்ந்துபோனால் அது என்ன என்று எனக்குத் தெரியும். நீ மூன்று மாதமாக ஓய்ந்திருக்கிறாய். வேலை கூடிவிட்டது என்று நீ சொன்னதை நான் நம்பியதுபோல இருந்துவிட்டேன், அது எனக்குச் சுகமாக இருந்தது.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன். மரத்தில் ஏறக் கேட்க மாட்டேன், உன் வீட்டில் இருக்கிறேன். நீ இருட்டிய பிறகு திரும்பி வரும்போது சோறு சூடாக இருக்கும். கதைக்க விருப்பம் இருந்தால் கதை, இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டுப் படு. அம்மா மீன் குழம்பும் பருத்தித்துறை வடையும் தந்துவிடுவாள், மிளகாய்த்தூளும் புதிதாக இடித்திருக்கிறாள்.

அதற்கு முன்னால் நீ மரத்துக்குப் போனால் படம் ஒன்று எடுத்து அனுப்பு. சப்பாத்துக் கயிற்றை முடிந்துகொள். பட்டி தெரிகிற மாதிரி எடு.

அப்பா