பொலிவு வேறு, வெளுப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்ம வயதுப் பையன்களும் தேசிய சேவை எனும் கட்டாயப் படைப்பணியை முடித்துத் திரும்பும் இளையர்களும் தங்கள் தோற்றத்தில் காட்டும் அக்கறையை வீட்டுப் பெரியவர்கள் கேலி செய்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா க்ரீமு?" என்று கேட்கும் அதே வீட்டில், மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் முகத்தை வெளுக்கவைக்கும் களிம்பு ஒன்று சத்தமில்லாமல் குளியலறை அலமாரிக்கு வந்து சேர்கிறது. வட்டார மருந்துக்கடை ஒன்றின் முகப்பில் பல்லாண்டு நின்று இப்படிப்பட்ட குடும்பங்களுடன் பேசியவள் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன். சருமம், முடி, உடற்பயிற்சி ஆகிய மூன்றுக்கும் அன்றாட ஒழுங்கு ஒன்றை இளையர் அமைத்துக்கொள்வது வரவேற்கத்தக்கது. ஆனால் அது நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும், பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகைக்குள் கிடக்கும் இந்தச் சிங்கப்பூர்த் தீவின் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். நிறத்தை மாற்றும் ஆசை அதற்குள் நுழைந்துவிட்டால் பராமரிப்பு என்ற பெயரில் கேடுதான் விளையும்.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கு மேகமில்லாத நண்பகல்களில் புறஊதாக் குறியீடு 11ஐத் தொடுவதும் தாண்டுவதும் உண்டு. உலக அளவுகோலில் அதுவே உச்சப் பிரிவு. "கறுத்த தோலுக்கு சன்ஸ்க்ரீன் எதுக்கு?" என்ற கேள்வியை நான் கேட்காத வாரமே இருந்ததில்லை. நம் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி ஓரளவு காப்பு அளிப்பது உண்மைதான் என்றாலும், கன்னத்தில் படரும் மங்குவையும் பரு ஆறிய இடத்தில் தங்கும் கறையையும் மேலும் கறுக்கவைப்பது அதே வெயில்தான். டப்பாவில் போட்டிருக்கும் வெயில்காப்பு எண்ணான எஸ்பிஎஃப் 30 என்றால் சூட்டுக்காயம் உண்டாக்கும் கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 என்றால் 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஆகவே எண்ணைப் பார்த்துக் கூடுதல் வெள்ளி கொடுப்பதைவிட, போதிய அளவு பூசுவதே முக்கியம். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்து எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். கடலை அளவு எடுத்து முகம் முழுவதும் தேய்ப்பவர்களுக்கு, டப்பாவில் போட்டிருக்கும் காப்பில் சிறு பங்கே கிடைக்கிறது. முகம் சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது என்பது நம்மவர்களின் நியாயமான குறை. அவர்கள் நீர்மமாக இருக்கும் வகையையோ, இரும்பு ஆக்சைடு சேர்ந்த தோல்நிற வகையையோ தேடலாம். பின்னது கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் ஓரளவு மறைப்பதால் மங்கு உள்ளவர்களுக்குக் கூடுதல் பயன் தரும்.

மற்றபடி காலையும் இரவும் செய்ய வேண்டியவை மிகக் குறைவே. மென்மையான முகக் கழுவி, எண்ணெய்ப் பசையில்லாத ஈரப்பூச்சு, பகலில் சன்ஸ்க்ரீன் ஆகியவை போதும். பத்துப் படிகள் கொண்ட வழக்கங்கள் கடைக்காரருக்குத்தான் லாபம் (கடையில் நின்றவள் சொல்கிறேன்). பரு இருந்தால் சாலிசிலிக் அமிலமோ பென்சாயில் பெராக்சைடோ, இரண்டில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் சலித்துப்போய் வேறொன்றுக்குத் தாவுபவர்களே அதிகம். பென்சாயில் பெராக்சைடு துண்டையும் தலையணை உறையையும் வெளிறச் செய்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அம்மாக்களின் கோபத்திலிருந்தாவது தப்பலாம். வைட்டமின் ஏ சார்ந்த ரெட்டினால் வகைகளை வாரத்தில் இரண்டு இரவு என்று தொடங்கலாம். கருவுற்ற பெண்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். நம் சருமத்தில் பருவைக் கிள்ளினால் பரு ஒரு வாரத்தில் போய்விடும், கறை மாதக்கணக்கில் நிற்கும். நெற்றி முழுவதும் பொரிப்பொரியாக இருக்கும் பிள்ளைகளிடம் முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று கேட்பதற்கு முன், தலைக்கு எவ்வளவு எண்ணெய் வைக்கிறாய் என்று கேட்பது நல்லது.

சவரம், முடி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுருள்முடி உள்ள ஆண்களுக்கு ஒட்டச் சவரம் செய்தபின் முடி தோலுக்குள்ளேயே வளைந்து கழுத்தில் கொப்புளங்கள் கிளம்பும். குளித்து முடி இளகியபின் முடி வளரும் திசையிலேயே மழிப்பதும், சற்று நீளம் விட்டு வெட்டும் கருவியைப் பயன்படுத்துவதும் அதைக் குறைக்கும். பொடுகுக்கான கீட்டோகோனசோல் ஷாம்புவைத் தேய்த்த கையோடு கழுவிவிடாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும். தாடிக்குள்ளும் பொடுகு வரும். முடிச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவதால், காதின் பின்புறம் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்தபிறகே தலைக்குப் போட வேண்டும்.

இனி வெளுப்புக் களிம்பு. இதைப் பூசிய சில வாரங்களிலேயே முகம் பளிச்சென்று ஆவது உண்மை, அதுதான் பொறி. இவற்றில் சிலவற்றில் கலந்திருக்கும் பாதரசம் மெலனின் உருவாவதையே தடுத்து நிறத்தைக் குறைக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே உடலுக்குள் இறங்கிச் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கிறது. பூசுபவரோடு அது நிற்பதும் இல்லை: ஆவியாகிக் காற்றில் கலந்தும், துண்டிலும் படுக்கை விரிப்பிலும் ஒட்டியும், அதே அறையில் தூங்கும் குழந்தையையும் சென்றடைகிறது. இன்னொரு வகைக் களிம்புகளில் கிளோபெட்டசோல், பெட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டுகள் கலந்திருக்கும். இவை முதலில் சிவப்பையும் பருவையும் அமுக்கிவிடுவதால் "ராசியான க்ரீம்" என்று பெயர் வாங்கிவிடுகின்றன. சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, பெண்களுக்குக் கன்னத்தில் முடிகூட முளைக்கிறது. நிறுத்தினால் முகம் எரிந்து சிவப்பதால் மீண்டும் அதையே பூசுகிறார்கள். ஊரிலிருந்து வருபவர்கள் படர்தாமரைக்கென்று கொண்டுவரும் கலவைக் களிம்புகளிலும் இதே ஆபத்து உண்டு. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிடும், பூஞ்சையோ உருமாறி உள்ளுக்குள் படர்ந்துகொண்டே போகும்.

மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் இத்தகைய களிம்புகளைப் பரிசோதித்து அவ்வப்போது எச்சரிக்கை வெளியிட்டுத்தான் வருகிறது. ஆசியான் நாடுகளின் விதிகளின்படி சருமத்தில் பூசும் ஒப்பனைப் பொருள்களில், நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற மருந்தைச் சேர்க்க அனுமதி கிடையாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பதென்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்பாட்டு நாடுகள் 2023இல் இணங்கின. இருந்தும் இணைய வணிகத்தில், தயாரித்தவர் முகவரியோ உட்பொருள் பட்டியலோ இல்லாத சிறு டப்பாக்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பட்டியலே இல்லாத எதையும் முகத்தில் பூசக்கூடாது என்ற ஒரே விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால்கூடப் பாதி ஆபத்து விலகும்.

நிறத்தின் மீதுள்ள கவனம் உண்மையான நோயைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுவதும் உண்டு. ஒரு மாலை, உயர்நிலைப் பள்ளிச் சீருடையில் ஒரு பையனை அழைத்துக்கொண்டு தாயார் ஒருவர் கடைக்கு வந்தார். "அக்கா, இவன் கழுத்துல இருக்கற அழுக்கு எப்படித் தேச்சாலும் போக மாட்டேங்குது, நல்ல ஸ்க்ரப்பாக் குடுங்க," என்றார். பையன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இருமல் மருந்து அடுக்கையே பார்த்தபடி நின்றான். காலரை இறக்கச் சொன்னேன். பிடரியில் வெல்வெட்டுத் துணி போலத் தடித்த கருமை. அதன்மேல் எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்ததில் தோல் உரிந்து, ஓரத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டாலே புண்ணாகிக் கறுத்துப்போகும் என்பது ஒருபுறம் இருக்க, அது அழுக்கே இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது பிடரியிலும் அக்குளிலும் தோன்றும் அடையாளம் அது. நான் எதையும் விற்காமல், பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) சென்று ரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்கும்படி சொல்லி அனுப்பினேன். "அழுக்கு இல்லையா ஆன்ட்டி?" என்று அந்தப் பையன் கேட்டபோதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

சிங்கப்பூரில் சீனரைவிட இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. ஆசியர்களுக்கு பிஎம்ஐ எனும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே அபாயம் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அது கடுமையாகிறது என்று இங்குள்ள அளவுகோல் வகுத்திருக்கிறது. பிடரிக் கருமையை எந்த ஸ்க்ரப்பும் போக்காது. எடை குறைந்து இன்சுலின் சீரடையும்போது அது மெல்ல மங்கும். தோற்றத்துக்கான ஒழுங்கில் உடற்பயிற்சிக்கு நான் முதலிடம் தருவது இந்தக் காரணத்துக்காகவே.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியம் முன்வைக்கும் அளவு. தேசிய சேவையின் உடலுறுதிச் சோதனைக்காகத் தண்டாலும் வயிற்றுப் பயிற்சியும் 2.4 கிலோமீட்டர் ஓட்டமும் பழகிய இளையர்கள், சோதனை முடிந்த மறுவாரமே அதைக் கைவிடாமல் இருந்தாலே இதில் பெரும்பகுதி நிறைவேறிவிடும். புளோக்கின் கீழேயே உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கின்றன, தீவெங்கும் 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பூங்கா இணைப்புப் பாதைகள் இருக்கின்றன; மாதச் சந்தா கட்டித்தான் உடம்பைத் தேற்ற வேண்டும் என்பதில்லை. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும், ஏனெனில் எந்த இடத்தில் முதலில் இளைப்பது என்பது உடல் எடுக்கும் முடிவு. புரதத்துக்கு முட்டை, மீன், பருப்பு, தயிர், சோயாவில் செய்யும் தௌஹூ, தெம்பே என்று காப்பிக்கடையிலும் ஈரச்சந்தையிலும் கிடைப்பவையே போதும். பாலிலிருந்து எடுக்கும் வே புரத மாவு சிலருக்குப் பருவைக் கிளப்புவதுண்டு. ஒரு நாளைக்கு மூன்று கோப்பை தே தாரே (இனிப்பான பால் தேநீர்) குடிப்பவர், அதில் இரண்டை தே ஓ கொசோங்காக (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) மாற்றிக்கொள்வது இடுப்புக்கும் முகத்துக்கும் செய்யும் உதவியை எந்தக் களிம்பும் செய்யாது.

இணையத்தில் பையன்களைக் கவரும் சில வித்தைகளைப் பற்றியும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். நாக்கை அண்ணத்தில் அழுத்தி வைத்தால் தாடை கூர்மையாகும் என்பதற்கு ஏற்கத்தக்க மருத்துவச் சான்று இல்லை. கன்னத்து எலும்பைச் சுத்தியலால் தட்டினால் அழகாகும் என்பதோ எலும்பு முறிவில் கொண்டுபோய் விடும். கேலிக்குப் பயந்து வீட்டில் வாய் திறக்காத பையன்தான் இவற்றையெல்லாம் நள்ளிரவில் கைப்பேசியிடம் கற்றுக்கொள்கிறான். அவனிடம் "எந்தக் களிம்பு போடுகிறாய், காட்டு" என்று இயல்பாகக் கேட்கும் அப்பாக்கள் நமக்கு வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது, சுகாதார அறிவியல் ஆணையம் ஒரு களிம்பைப் பற்றி எச்சரிக்கும்போது, டப்பாவின் படத்தையும் அதில் கலந்திருந்த பொருளின் பெயரையும் தமிழில் பெரிதாக வெளியிடுங்கள். ஆங்கில அறிக்கை எட்டாத பாட்டிமார்களும், தங்குவிடுதிகளில் வாழும் ஊழியர்களும் படத்தைப் பார்த்தே பொருளை அடையாளம் காண்பார்கள். இரண்டாவது, சரும மருத்துவர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதியை இரு வாரத்துக்கு ஒருமுறையாவது தொடங்குங்கள். கேட்பவரின் பெயர் வேண்டாம், வயதும் வேலையும் போதும். தேசிய சரும நிலையத்தில் சலுகைக் கட்டணத்தில் சிகிச்சை பெறப் பலதுறை மருந்தகம் போன்றவற்றின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்தத் தகவலை ஒவ்வொரு முறையும் பகுதியின் அடியில் அச்சிட்டால், கடை முகப்பில் வந்து நிற்கும் பலர் நேராக மருத்துவரிடமே போவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்துக்கடை உதவியாளர்,
ஈசூன்