கரிக்கையூர், வெள்ளரிக்கொம்பை பாறை ஓவியங்களைப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கோத்தகிரி வட்டார மலைக்கிராம மக்கள்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம்,
உதகமண்டலம்.

பொருள்: தொல்லியல் – கோத்தகிரி வட்டம் – பழங்குடி மக்களின் வாழ்வைக் காட்டும் பழம்பாறை ஓவியங்கள் சிதைக்கப்படுதல் – உள்ளூர்ப் பழங்குடியினரைக் காவலர்களாகக் கொண்டு பாதுகாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கீழ்கோத்தகிரிக்கு அப்பால் இருளர் மக்கள் வாழும் கரிக்கையூரை ஒட்டிய காட்டில் பொறிவரை என்னும் பாறைச் சரிவு உள்ளது. தென்னிந்தியாவின் பெரிய பாறை ஓவியத் தளங்களுள் ஒன்றாக ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர். ஆலு குறும்பர்கள் வாழும் வெள்ளரிக்கொம்பைக்கு அருகிலும் எழுத்துப்பாறை என்று அவர்கள் அழைக்கும் ஓவியப் பாறை இருக்கிறது. பல நூற்றாண்டு மழையையும் வெயிலையும் தாங்கி நின்ற இவ்வோவியங்கள் அண்மை ஆண்டுகளில் மனிதக் கைகளால் அழிந்து வருவதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரவே இம்மனுவை அளிக்கிறோம்.

பொறிவரையில் விலங்குகளும், அவற்றை வேட்டையாடும் மனிதர்களும் தீட்டப்பட்டிருக்கின்றனர். அரசர்களின் கொடைகளைச் சொல்லக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் இருக்கின்றன. காட்டில் வாழ்ந்தவர்கள் எதை வேட்டையாடினார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அவர்களே சொல்லிவைத்த சான்று இம்மலையில் இந்தப் பாறைகளைத் தவிர வேறு அதிகம் இல்லை. எழுத்துப்பாறையில் உள்ளவை தங்கள் முன்னோர் வரைந்தவை என்றே குறும்பர்கள் கூறுகின்றனர். வேங்கை மரப் பிசினும் மண்ணும் இலைச்சாறும் கொண்டு திருவிழாக் காலங்களில் வீட்டுச் சுவரில் வரையும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் அதே நிறங்களில் தாளிலும் துணியிலும் வரைகின்றனர். காட்டுக்கொடியைத் திரித்த கயிற்றில் செங்குத்துப் பாறையில் இறங்கி மலைத்தேன் எடுக்கும் காட்சி இன்றும் அவர்கள் விரும்பித் தீட்டும் ஒன்று. ஆகவே இவை செத்துப்போன ஒரு காலத்தின் எச்சம் என்று எங்களால் ஒதுக்கிவிட முடியவில்லை.

சிதைவு எப்படி நேர்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மலையேற்றம் என்ற பெயரில் அனுமதியின்றி வருவோர் ஓவியங்களின் மேலேயே தங்கள் பெயர்களைக் கீறியும் வண்ணம் பூசியும் சென்றுள்ளனர். கீறப்பட்ட இடத்தில் பாறையின் மேற்பரப்பே பெயர்ந்துவிடுவதால், அதிலிருந்த உருவத்தை மீட்க வழியே இல்லை. படம் எடுக்கும்போது நிறம் பளிச்சென்று தெரிவதற்காக ஓவியத்தின் மீது தண்ணீர் தெளிப்பதும் உண்டு. அந்த ஈரம் காயும்போது பாறைக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து படிகிறது. அடுத்த முறை வருபவர் நிறம் மங்கியிருப்பதைக் கண்டு இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறார். கிறுக்கல்களைச் சுத்தம் செய்கிறோம் என்று நல்லெண்ணத்துடன் கம்பித் தூரிகையும் அமிலமும் எடுத்துவருவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது என்பதால், ஓவியப் பாதுகாப்பு வேதியியல் அறிந்த வல்லுநரைத் தவிர வேறு எவரும் அப்பாறைகளில் கைவைக்கக் கூடாது எனத் தாங்கள் எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டுகிறோம்.

1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பழமையான மற்றும் வரலாற்றுச் சின்னங்கள், தொல்லியல் தலங்கள் மற்றும் எச்சங்கள் சட்டத்தின்கீழ், இவ்வட்டத்தில் இதுவரை பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்படாத ஓவியத் தளங்கள் அனைத்தையும் அவ்வாறு அறிவிக்குமாறு மாநிலத் தொல்லியல் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். ஆனால் அறிவிப்பு மட்டும் போதாது. காட்டுக்குள் ஒரு பலகை நட்டுவிட்டுப் போவதால், தளம் எங்கே இருக்கிறது என்று புதியவர்களுக்கு வழிகாட்டியதாகவே முடியும். காவல் ஏற்பாடு நிலைபெறும்வரை இத்தளங்களைச் சுற்றுலா விளம்பரங்களில் சேர்க்க வேண்டாம் என்றும், அங்கே பார்வை மேடை, நடைபாதை போன்ற கட்டுமானங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

காவலுக்கு உரியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, வனவாழ் மக்களின் பண்பாட்டு மரபையும் இயற்கை மரபையும் அழிவிலிருந்து காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் அளிக்கிறது. அச்சட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட அளவிலான குழுவுக்குத் தாங்களே தலைவர். எனவே கரிக்கையூர் இருளர்களையும் வெள்ளரிக்கொம்பை குறும்பர்களையும் கிராம சபை வழியாகக் கலந்து பேசி, அவர்களிலிருந்தே ஊதியத்துடன் கூடிய காவலர்களை வனத்துறையின் ஒத்துழைப்போடு அமர்த்த ஆவன செய்ய வேண்டுகிறோம். பாதுகாப்பு என்ற பெயரில் வேலி போட்டு, வழிபாட்டுக்கும் தேனுக்கும் சிறுவன மகசூலுக்கும் அவ்வழியே போய்வரும் மக்களைத் தடுத்துவிடக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

எஞ்சியுள்ள ஒவ்வோர் ஓவியத்தையும் அளவுடன் படமெடுத்து ஆவணப்படுத்தி, அதன் ஒரு படியை முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்திலும், மற்றொரு படியை அந்தந்த ஊர் மக்களிடமும் வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த உருவம் எதைக் குறிக்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதையும் அவர்கள் மொழியிலேயே அதில் பதிவு செய்வது நல்லது.

கோடையில் புல் காய்ந்து காட்டுத்தீ அபாயம் கூடுவதற்கு முன், தொல்லியல் துறை, வனத்துறை, பழங்குடியினர் நலத்துறை அலுவலர்களும் ஊர்ப் பிரதிநிதிகளும் இணைந்த கூட்டுக் கள ஆய்வுக்கு உத்தரவிட்டு, அதன் அறிக்கையின் படியை எங்களுக்கும் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோத்தகிரி வட்டார மலைக்கிராம மக்கள்

இணைப்பு: சிதைந்த பகுதிகளின் ஒளிப்படங்கள், கையொப்பப் பட்டியல்.