இரண்டாம் கேள்வி துண்டுக்கடி பேரம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில் வெளியான, நால்வர் இருவர் இருவராக இணைந்து ஆடும் பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் அறிமுகக் கட்டுரையை மண்டபத்தில் எங்கள் சீட்டுக்குழுவினர் நால்வரும் படித்தோம். சீட்டுக்கட்டைக் கண்டாலே சூதாட்டம் என்று முகம் சுளிக்கிற இக்கரையில், 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஆடவர் இணைப் பிரிவில் தங்கம் வென்றதைக் கட்டுரை நினைவூட்டியது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஆயினும், எத்தனை பிடி (சுற்று) வெல்வோம் என்று மாறி மாறிக் கேள்வி சொல்லும் ஏலத்தைத் தொடங்கிய ஓப்பனர் தம் இரண்டாம் முறையில் சொல்லும் செயற்கையான ரீபிட்டை, அதாவது இரண்டாம் கேள்வியை, மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதோடு கட்டுரையாளர் ஒப்பிட்டிருப்பது ஆட்டத்தின் அடிப்படைக்கே மாறானது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஓப்பனருக்கு இரண்டாம் கேள்வி ஏன் அத்தனை முக்கியம் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் முழுக் கட்டிலும் 40 புள்ளிகள் உண்டு. "ஒரு இஸ்பேடு" என்று தொடங்குபவரிடம் ஏறக்குறைய 12 புள்ளியும் இருக்கலாம், 21 புள்ளியும் இருக்கலாம். இவ்வளவு அகலமான பேச்சைச் சுருக்கித் தருவது அவருடைய அடுத்த கேள்விதான். அந்த இடத்தில், சொல்லும் பூவுக்கு (இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்ற சீட்டு வகைக்கு) அதன் நேர்ப்பொருளை விட்டு வேறு பொருளைப் பார்ட்னர்கள் (ஓர் இணையின் இருவர்) முன்கூட்டியே ஒப்புக்கொள்வதைத்தான் கன்வென்ஷன் என்கிறோம்.

அமெரிக்க ஆட்டக்காரர் ஓஸ்வால்டு ஜேக்கபியின் பெயரால் வழங்கும் முறையை எடுத்துக்கொள்வோம். ஓப்பனர் ஒரு இஸ்பேடு என்கிறார். பார்ட்னர் இரண்டு நோ டிரம்ப் (நேர்ப்பொருளில், துருப்பு எனும் வெட்டும் பூ இல்லாத ஆட்டம்) என்று, தம்மிடம் நான்கு இஸ்பேடுகளும் கேம் (இஸ்பேடில் 10 பிடி) வரை போகும் வலுவும் இருப்பதை அறிவிக்கிறார். இப்போது ஓப்பனர் மூன்று டைமன் என்றால், டைமனில் தம்மிடம் ஒரே சீட்டு உள்ளது அல்லது ஒன்றுமே இல்லை என்று பொருள். குறைந்த வலுவும் எந்தப் பூவிலும் குறைவின்மையும் உள்ளவர் நேரே நான்கு இஸ்பேடுக்குப் போய்விடுவார்.

ஓப்பனரிடம் இஸ்பேடில் ஏஸ், ராணி, 9, 7, 4. ஆட்டினில் ராஜா, ராணி, 5. டைமனில் 6 மட்டும். கிளாவரில் ஏஸ், 8, 4, 2 என்று வைத்துக்கொள்வோம். பார்ட்னரிடம் இஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 8, 3. ஆட்டினில் ஏஸ், 7, 4. டைமனில் 8, 7, 5, 2. கிளாவரில் ராஜா, ராணி. இரு கையும் சேர்ந்தால் 28 புள்ளிதான். 13 பிடிகளில் 12 எடுக்கும் ஸ்லாமுக்கு 33 வேண்டும் என்பது பொதுக்கணக்கு. ஆனால் மூன்று டைமன் என்ற சொல்லைக் கேட்டதுமே, தம் டைமனில் ஒரு படமும் இல்லாத பார்ட்னருக்கு, தம் 13 புள்ளிகளில் ஒன்றும் வீணில்லை என்பது விளங்கிவிடும். துருப்பான இஸ்பேடில் ஐந்து, ஆட்டினில் மூன்று, கிளாவரில் மூன்று, கடைசிக் கிளாவரைத் துருப்பால் வெட்டி ஒன்று என 12 பிடிகள். இழப்பது ஒரு டைமன் மட்டுமே. அதே ராஜாவும் ராணியும் கிளாவருக்குப் பதில் டைமனில் இருந்தால், புள்ளி மாறாது. ஆனால் டைமன் ஏஸோடு ஒரு கிளாவரையும் எதிரணி பறித்துவிடும் என்பதால் பார்ட்னர் நான்கு இஸ்பேடோடு நிறுத்திக்கொள்வார். ஒரே ரீபிட் இவ்வளவையும் பிரித்துக் காட்டுகிறது.

இதில் மறைவு எங்கே இருக்கிறது? பார்ட்னர்களுக்கு இடையே திரை போடாத மேசையில், மூன்று டைமன் என்று ஓப்பனர் சொன்னதும் அவருடைய பார்ட்னர் "அலர்ட்" என்று, அதாவது இக்கேள்விக்குத் தனிப்பொருள் உண்டு என்று, அறிவிக்க வேண்டும். எதிரணியினர் தம் முறை வரும்போது அதன் பொருளைக் கேட்டால், அவரே விளக்கியாக வேண்டும். தமக்குள் உள்ள உடன்பாட்டை எதிரணிக்கு மறைத்தால் அது விதிமீறல். துண்டுக்கடியில் விரல் பிடிப்பதற்கு உவமை தேடினால், இழுத்துச் சொல்லுதல், தயங்குதல், முகக்குறி காட்டுதல் ஆகியவற்றைத்தான் சொல்லலாம். அவற்றையே பிரிட்ஜ் தடைசெய்திருக்கிறது. எங்கள் கரையில் மீன் இறங்கும் இடத்தில் ஏலம் கூறுபவர் வேகமாக அடுக்கும் தொகைகள் வெளியூர்க்காரருக்குப் புரியாமல் போகலாம், ஆனால் அதை யாரும் இரகசியம் என்பதில்லை.

ஓப்பனரின் எல்லாக் கன்வென்ஷன்களையும் தொடக்கநிலையில் இருப்பவர்கள் மேல் ஏற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. இரண்டு கிளாவர் என்ற ஒரே ரீபிட்டில் சாதாரணக் கிளாவர் கையையும் வலுவான கையையும் அடக்கிவிடும் இத்தாலிய காஸில்லி முறையை நாங்கள் நால்வரும் ஆறு மாதம் வைத்திருந்தோம். எது எப்போது என்பதில் சண்டை வந்ததுதான் மிச்சம், விட்டுவிட்டோம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஓய்வாக இருக்கும் எங்கள் தெரு இளைஞர்களுக்கு, ஒரு நோ டிரம்புக்குப் பின் பார்ட்னர் இரண்டு கிளாவர் கேட்டால், நான்கு சீட்டு இஸ்பேடோ ஆட்டினோ இல்லாதபோது "இரண்டு டைமன்" என்று பதில் சொல்லும் ஸ்டேமன் முறையை மட்டுமே கற்றுத் தந்தோம். ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார்கள்.

எனவே அந்த ஒப்புமையைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிடுமாறும், அடுத்த பகுதியில் ஒரு முழு ஏலத்தை ஒவ்வொரு கேள்வியின் பொருளோடும் அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.