மேசைக்கு எவ்வளவு உயரம்?

அன்புள்ள மகளுக்கு,

உன் கல்யாண விருந்து மேசை அலங்காரத்துக்கு மாதிரியாக நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வெள்ளை விரிப்பு, வெள்ளைப் பூ, வெள்ளை மெழுகுவர்த்தி. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே எல்லாம் பனியில் வெளுத்துக் கிடக்கும் நாளில் உள்ளேயும் அப்படியே இருந்தால், வந்தவர்களுக்குக் குளிர் இன்னும் கூடியதாகத் தோன்றும். கொஞ்சம் பைன் தழையின் பச்சையைச் சேர்க்க விடு. சிவப்புக் கனிகளும் வேண்டும் என்கிறாள் அம்மா. ஹாலி என்ற செடியின் சிவப்புக் கனிகள் வயிற்றுக்கு ஆகாதவை; உதிர்ந்து கிடப்பதைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும். சிவப்பு மணிகளைக் கம்பியில் கோத்து ஒப்பேற்றிவிடுகிறேன்.

பைன் காய்கள் ஒரு சாக்கு சேர்ந்துவிட்டன. முதலில் கொண்டுவந்தவற்றை அப்படியே மேசையில் பரப்பி வைத்தேன். மறுநாள் காலை அவற்றிலிருந்து ஒரு சிலந்தி இறங்கி நடந்தது. அம்மா என்னையும் காய்களையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டாள். இப்போது கழுவி, ஓவனில் 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம், ஈரம் மிச்சமிருந்தால் இன்னும் சற்று நேரம் வைக்கிறேன். கழுவியதும் செதில்கள் இறுக மூடிக்கொள்ளும். கெட்டுவிட்டது என்று நானே பத்துப் பதினைந்தைத் தூக்கி எறிந்தேன்! உலர்ந்தால் தானாகவே விரிந்துவிடுகின்றன. பூச்சியும் சாகிறது, பிசினும் உருகி மெல்லிய மினுமினுப்பாகப் படிகிறது. பிசின் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் ஓவனை விட்டு நான் நகர்வதில்லை.

காய்களில் பனி படிந்த தோற்றத்துக்கு, செதில் நுனிகளில் வெள்ளைப் பசை தடவி, பளிங்குத் துகள்போல் இருக்கும் எப்சம் உப்பில் புரட்டினால் போதும். அசல் உறைபனி தோற்றுவிடும். நீ கேட்ட ஜிகினாத் தூள் மட்டும் வேண்டாம். தட்டில் விழும், சட்டையில் ஒட்டும், வாரக்கணக்கில் வீட்டை விட்டுப் போகாது.

இனி, நான் விட்டுக்கொடுக்காத ஒன்று: உயரம். மேசை நடுவில் வைப்பது முப்பது சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். இல்லையென்றால் ஒல்லியான தண்டின்மேல் அறுபதுக்கு மேலே போய்விட வேண்டும். இடைப்பட்ட உயரம் எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கும். ஒரு விருந்தில் இரண்டு மணி நேரம் ஒரு பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதற்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பழைய நண்பர் என்பது கை கழுவப் போனபோதுதான் தெரிந்தது.

மண்டபத்தில் நெருப்புச் சுடரை அனுமதிப்பார்களா என்று கேட்டுக்கொள். அனுமதித்தால், சுடரைவிட உயரமான கண்ணாடிக் குழலுக்குள் வாசனையில்லாத மெழுகுவர்த்தி. இல்லையென்றால் பேட்டரி விளக்கு. சூடேற்றிய அறையில் தழை வேகமாகக் காயும். ஆகவே வெட்டிய கிளைகளை இரவெல்லாம் தண்ணீரில் நிறுத்தி, கடைசியில்தான் கட்டுவேன்.

உங்கள் இருவரின் மேசையில் மட்டும் தழையைப் படுக்கையாகப் பரப்பிவிடுவேன், உயரமாக எதுவும் இருக்காது. நான் உட்காரும் இடத்திலிருந்து உன் முகம் தெரிய வேண்டும்.

மேசைகள் வட்டமா, நீளமா என்று நீ இன்னும் சொல்லவில்லை. அளந்து எழுது. அதுவரை கம்பியை வளைக்காமல் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா