ஈட்டி மரத்துக்கு நிறம் மட்டும் சாட்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டி (தோதகத்தி) மரங்களையும் காப்பதற்காக 1994-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் தமிழகத்தில் இருந்தது; அது 2025-இல் காலாவதியானது. 2017 முதல் ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மரத்தை அடையாளம் காணத் தெரியாவிட்டால் எந்தச் சட்டம் இருந்தும் பயன் குறைவு.

நிற்கும் மரத்தில் சந்தேகமே வராது. ஒரு காம்பில் பெரும்பாலும் 5 முதல் 7 சிற்றிலைகள், எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி அமைந்திருக்கும். நுனி வட்டமாகவோ சற்றுக் குழிந்தோ இருக்கும். ஈட்டியின் உறவு மரமான சிசுவில் (ஷீஷம்) அந்த நுனி கூராக நீளும்.

அறுத்த பலகையில்தான் ஏமாற்று. வாகை மரத்தின் வைரத்துக்கு (கறுத்த நடுப்பகுதிக்கு) சாயம் ஏற்றி ஈட்டி என்று விற்கிறார்கள். பாலிஷ் போட்ட பக்கத்தைப் பார்க்கவே கூடாது. பின்பக்கத்தில், பட்டைக்கு இணையாக அறுத்த முகத்தைக் கூரான உளியால் மெல்லச் சீவி, லேசாக ஈரமாக்கி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஈட்டியில் தண்ணீரின் சிற்றலை போல மெல்லிய குறுக்கு வரிகள் அடுக்கடுக்காகத் தெரியும். வாகையில் அவை இல்லை. மழுங்கிய உளி மர நார்களை நசுக்கி அந்த வரிகளை மறைத்துவிடும். ஈட்டியாக இருந்தால் சீவிய இடத்தில் மெல்லிய நறுமணமும் வரும்.

தோட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஈட்டி விதையிலிருந்து மட்டுமல்ல, வேரிலிருந்தும் முளைக்கும். களை எடுக்கும்போது அந்த வேர்க்கன்றுகளையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். அவற்றின் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டுவையுங்கள், மாடு மேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

– வாசகர், கூடலூர்