சீமோனின் பிள்ளைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் 31ஆம் நாள் பூசை நல்லபடியாக முடிந்தது. வந்த சனத்துக்கு மத்தியானம் சோறு கொடுத்தோம். மற்றதெல்லாம் அக்கா உனக்குச் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது நீ அன்று இரவு ரெலிபோனில் கேட்டதற்காக. "கோயிலே கதி என்று கிடந்த மனுசனை ஆண்டவர் ஏனம்மா ஐந்து வருடம் படுக்கையில் போட்டார்? அவர் செய்த பாவம் என்ன?" என்றாய். எனக்கு வாய் வரவில்லை. நீ அழுததும் எனக்குக் கேட்டது.

பாவம் என்ற பேச்சை முதலில் விடு. 2004 மார்கழி 26, சுனாமி வந்த ஞாயிறு உனக்கு நினைவிருக்கும், அப்போது பத்து வயது உனக்கு. கிண்ணியாவுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு போனவர்களோடு அப்பாவும் போனார். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது, அப்போது தண்ணீரைக் கடந்துதான் போக வேண்டும். திரும்பி வந்த அன்று ஒருவர் எங்கள் முற்றத்தில் நின்று, சனம் செய்த பாவத்துக்குக் கடவுள் கொடுத்த அடி இது என்றார். அப்பா குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். வேதாகமத்தை எடுத்து லூக்கா 13ஆம் அதிகாரத்தை அவர் முன்னால் வாசித்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்ற எருசலேம்காரரை விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதிலும் சொல்கிற இடம். வாசித்துவிட்டு, "நான் இன்றைக்குத் தூக்கின பிள்ளைக்கு மூன்று வயதுகூட இராது" என்றார். வந்தவர் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். ஊருக்கு அப்படிச் சொன்ன மனுசன் தன் நோய்க்கு மட்டும் வேறு கணக்குப் போட்டிருப்பாரா?

அப்பா விழுந்தது 2020 பங்குனியில். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், பிறகு உன் வழக்கு இழுபட்டது. நீ வராததற்காக அப்பா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. மூளையின் இடது பக்கம் அடிபட்டதால் வலது கையும் காலும் போய், பேச்சும் போய்விட்டது. மிஞ்சினது ஒரு சொல், "சரி". பசித்தாலும் சரி, நொந்தாலும் சரி, சுவாமி நற்கருணை கொண்டு வந்தாலும் சரி. அந்தச் சரியின் தொனியை வைத்து என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

நான் சந்தோசமாகப் பார்த்தேன் என்று ஊர் சொல்லும். நீ நம்பாதே. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. நீ காசு அனுப்பி வாங்கின காற்று மெத்தை கரண்ட் இல்லாமல் இறங்கிவிடும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நானே அவரைப் புரட்டிப் போட வேண்டும். ஒரு நாள் இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் முதுகுப் புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தேன். வியர்வை கண்ணுக்குள் ஓடுகிறது. வாயை அடக்க முடியாமல், "எத்தனை நாளைக்கு என்னால் இப்படி ஏலும்?" என்று கத்திவிட்டேன். அவர் "சரி" என்றார். பிறகு இடது கையால் நெஞ்சில் கிடந்த துவாயின் நுனியைத் தேடிப் பிடித்து, எட்டி என் கழுத்தைத் துடைத்தார். சிலுவைப்பாதையில் ஆறாம் நிலை வரும்போதெல்லாம், சிலுவை சுமந்த ஆண்டவரின் முகத்தைத் துடைத்த வெரோணிக்காவின் இடத்தில் என்னை வைத்துத்தான் நினைப்பேன். அன்றைக்கு அந்தத் துவாய் அவருடைய கையில் இருந்தது.

அந்த அறையில் ஆண்டவர் இருந்தார், தம்பி. அதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தானே கத்தினவர், நான் கத்தினதற்கா கோபிக்கப் போகிறார்? ஏன் என்ற கேள்விக்கு அன்றைக்கும் பதில் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அந்த ஐந்து வருடமும் வீணாய்ப் போனது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெரிய வெள்ளிகளில் அப்பாதான் எங்கள் பங்கில் சிலுவை தூக்குவார், உனக்குத் தெரியும். ஐந்தாம் நிலையில் ஆண்டவரின் சிலுவைக்குச் சீமோன் ஆசைப்பட்டா தோள் கொடுத்தார்? வயலிலிருந்து வந்துகொண்டிருந்த ஆளை வழியில் மறித்துக் கட்டாயப்படுத்தித்தானே தூக்க வைத்தார்கள். நானும் அப்படித்தான். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். மனமில்லாமல் தோள் கொடுத்த அந்த மனிதரை இரண்டாயிரம் வருடமாகக் கோயில் நினைத்துக்கொண்டிருக்கிறது.

இதற்குள் உனக்கும் ஒன்று இருக்கிறது. நற்செய்தி எழுதினவர்களில் மாற்கு மட்டும் சீமோனின் இரண்டு பிள்ளைகளின் பேரையும் எழுதியிருக்கிறார், அலக்சாந்தர், ரூபு என்று. அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் அங்கே நின்றதாக ஒரு சொல்லும் இல்லை. எங்கேயோ தூரத்தில் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் அவர்களுடைய பேரும் இருக்கிறது. இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபடி நீ எடுத்த ஒவ்வொரு கோலையும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். ரெலிபோனை அப்பாவின் காதில் வைத்துப் பிடித்தால் உன் குரலுக்கு அவர் சொல்லும் சரி வேறு மாதிரி இருக்கும். அதை மட்டும் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் தேவைப்படவில்லை.

அப்பாவின் செபமாலையை அடுத்த மாதம் அங்கே வருகிற ஒருவரிடம் கொடுத்து விடுகிறேன். மூன்றாம் பத்தில் ஒரு மணி குறையும். சின்னதில் நீ இழுத்து அறுத்தது. அப்பா நூல் மாற்றிக் கட்டினார், அந்த மணிக்குப் பதில் வேறு போட விடவில்லை. அந்த இடத்தில் விரல் வந்ததும் உன்னை நினைத்துக்கொள்வாராம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எடு. கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, அங்கே குளிர் கூடவாம்.

அம்மா
பாலையூற்று, திருகோணமலை