கால் மாத்திரையும் ஐந்து மில்லியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கான இருமல் சிரப்புகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் விட்டுப்போன ஒரு விஷயத்தை, வீட்டில் குழந்தைக்கு மருந்தைச் சரியாக அளந்து கொடுப்பதைப் பற்றி, சொல்லியாக வேண்டும் என்று இதை எழுதுகிறேன். திருவாரூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், டைஎத்திலின் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் மருந்தைக் குடித்த பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதிலிருந்து எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் பலருக்கு சிரப் பாட்டிலைப் பார்த்தாலே பயம். நியாயமான பயம். ஆனால் அந்தப் பயத்தில் பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

போன ஐப்பசி அடைமழையில் அடுத்த தெருப் பெண் ஒருத்தி, காய்ச்சலில் அனத்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை எட்டு கிலோ. பாராசிட்டமால் 650 மாத்திரையை அரிவாள்மணையில் நாலாக நறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். "கால் மாத்திரைதான் மாமா குடுத்தேன், சரிதானே?" என்றாள். காகிதத்தைப் பிரித்தேன். நாலும் நாலு அளவு. ஒரு துண்டு இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு, மடிப்பெல்லாம் மாவு. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 120 போதும். 650-இல் கால் என்றால் சரிசமமாக வெட்டினாலே 162. பெரிய துண்டு 200-ஐத் தாண்டியிருக்கும். ஒரு வேளையோடு நின்றால் பெரிய பாதகமில்லை. ஒரு நாளைக்கு நாலு வேளை, நாலு நாள் என்று போனால் ஈரல் தாங்குமா? மாத்திரையின் நடுக்கோடு பாதியாக உடைப்பதற்கு மட்டும்தான் உதவும். சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது.

சரி, சிரப் வாங்கினால் அளவு தானாகச் சரியாகிவிடுமா? இதே பாராசிட்டமால் 5 மில்லிக்கு 120, 125, 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு பாட்டில்களில் வருகிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும். சொட்டு மருந்தை "ஒரு ஸ்பூன்" ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும், பெரியவர்களின் முழு மாத்திரை அளவு! ஸ்பூனும் வீட்டுக்கு வீடு வேறு. எங்கள் அடுக்களையில் இருந்தவற்றைச் சிரிஞ்சால் அளந்து பார்த்தேன். ஒன்று மூன்று மில்லி பிடித்தது, இன்னொன்று ஏழு. பாலாடையில் ஊற்றுவதும் கண்ணளவுதான். குலுக்காமல் ஊற்றினால் மருந்து அடியில் தங்கி, கடைசி வேளைகளில் கெட்டியாக இறங்கும்.

என் அனுபவத்தில் பாதுகாப்பானது, ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு. அந்தப் பெண்ணுக்கும் அதைத்தான் கொடுத்தேன். அவளிடம் இருக்க வேண்டியது 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்பதால் 5 மில்லிக் கோட்டில் பேனாவால் குறித்து, கன்னத்து ஓரமாக மெல்ல விடச் சொன்னேன்.

இன்னொரு வழியும் நம்மிடமே இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு 14 நாளுக்குக் கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு 20 மில்லிகிராம் கொண்ட முழு மாத்திரை. ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ போட்டால் சட்டென்று கரைந்துவிடும். வெட்டவும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். இப்படிக் கரையும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. காய்ச்சல் மருந்தும் குழந்தை அளவில் இந்த வடிவத்தில் கிராமத்து மெடிக்கல் ஷாப் வரை வர வேண்டும்.

அதுவரை, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சிரப் பாட்டில் வாங்கும்போதே பாட்டிலுக்கு ஒரு அளவுச் சிரிஞ்சும் சேர்த்து வாங்கட்டும். சீட்டில் "ஒரு ஸ்பூன்" என்று எழுதுவதை விட்டுவிட்டு, பிள்ளையின் எடையையும் மில்லியையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருத்துறைப்பூண்டி.